புதன்கிழமைப் பக்கங்கள்

அத்தியாயம் 9

மூன்றாவது மாடிக்கு ஏறி வருவதற்குள் பல்லுக்காரிக்கு மூச்சு வாங்கியது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் பழுதுபார்க்கிற தம்பி ஒருவன் குடும்பத்தில் இருந்தும் அத்தை வீட்டுக்கு நடந்துதான் ஏற வேண்டும் என்பது அவர்களுக்குள் பத்து வருஷமாக ஓடுகிற கேலி.

வாரம் தவறாமல் கூட வருகிறவர்களுக்குக் கதை தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி.

அத்தைக்கு எழுபத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி இறந்த பிறகு, கப்பலில் வேலை பார்த்த அண்ணனின் மூன்று பிள்ளைகளையும் அவள்தான் வளர்த்தாள். மூத்தவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, வீட்டில் பெரியக்கா. நடுவில் உள்ளவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்ப்பதால் பல்லுக்காரி. கடைக்குட்டி லிஃப்ட் மெக்கானிக். அவனை எல்லோரும் 'லிஃப்டு' என்றே கூப்பிடுகிறார்கள். மூவரும் ஆளுக்கொரு பக்கம் குடும்பம் நடத்த, அத்தை மட்டும் அந்த மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்த அத்தை, ஒரு பகல் முழுக்க அங்கேயே கிடந்தாள். அதைப் பற்றிக் கூடத்தில் உட்கார்ந்து மூவரும் பேசியபோது, "முதியோர் இல்லத்துல சேத்துடலாம்க்கா, தினமும் யாரு பாத்துக்கிறது?" என்று முதலில் வாயைத் திறந்தவன் லிஃப்டு. அத்தை உள் அறையில் படுத்திருந்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அத்தை மெல்ல எழுந்து வந்து அவனிடம், "டீ ஆறுதுடா, குடி" என்று மட்டும் சொன்னாள்.

தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அத்தை அடம்பிடிக்க, பெரியக்கா ஒரு நிபந்தனை போட்டாள். திங்கள் அவள், புதன் தம்பி, சனி பல்லுக்காரி. எட்டு வாரம். சமையலறை வாசலில் ஆணியடித்து ஒரு நோட்டுத் தொங்கும். வந்த நேரம், போன நேரம், மாத்திரை, சாப்பாடு எல்லாவற்றையும் வந்தவர்களே எழுத வேண்டும். எட்டு வாரத்தில் ஒரு முறை தவறினாலும் அத்தைக்கு இல்லம்தான். தவறாவிட்டால் அத்தை இங்கேயே இருக்கலாம்.

இன்று எட்டாவது சனிக்கிழமை. நாளைக் காலையில் பெரியக்கா வந்து நோட்டைப் பார்ப்பதாக ஏற்பாடு.

கதவைத் திறந்த அத்தை முதலில் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"என்னடி, பத்து மணிக்கே வந்து நிக்கறே? வேலை இல்லையா?"

"பீங்கான் பல்லு சுடுற அடுப்பு மண்டையப் போட்டுடுச்சு அத்தை. முதலாளி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

"அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"கிளம்ப வேண்டாம். சாயங்காலம் வரைக்கும் இருக்கேன்."

இவள் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே போய் இன்னொரு தலையணையை எடுத்து வந்து நாற்காலியில் போட்டாள். அதைத் தட்டிச் சரிசெய்து, மறுபடி எடுத்து, திருப்பிப் போட்டாள்.

பல்லுக்காரிக்கு வெட்கமாக இருந்தது. வழக்கமான சனிக்கிழமைகளில் அவள் இங்கே இருப்பது நாற்பது நிமிஷம். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பாள், குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பாள், நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு "வரேன் அத்தை" என்பாள். உட்கார்ந்ததாகவே ஞாபகம் இல்லை.

"பல் செட் எப்படி இருக்கு?"

"பல்லு நல்லாத்தான் இருக்கு. என் வாய்தான் அதுக்குப் பொருத்தமா இல்ல." அத்தை கீழ்ப்பல்லைக் கழற்றிக் கிண்ணத்தில் வைத்தாள். "இந்த ஓரம் குத்துது. சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

அந்த செட் பல்லுக்காரியே செய்தது. கைப்பையிலிருந்து சின்ன அரத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஓரத்தை ராவினாள். பக்கத்தில் அத்தை முகவாயில் கைவைத்து, பொக்கை வாயோடு குழந்தை மாதிரி காத்திருந்தாள்.

"கண்ணாடியில சிரிச்சுப் பாத்தேன். விளம்பரத்துல வர்ற பொம்பள யாரோ சிரிக்கிற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான் முன்னாடி ரெண்டையும் கொஞ்சம் கோணலா வச்சிருக்கேன். ரொம்ப ஒழுங்கா இருந்தாத்தான் அத்தை, பொய்ன்னு தெரிஞ்சுடும்."

"நீ பொழைச்சுக்குவே" என்றாள் அத்தை.

பல்லை மாட்டிக்கொண்டு நாலு தடவை கடித்துப் பார்த்ததும் அத்தைக்குப் பேச்சு வந்துவிட்டது. அன்று வந்த பேச்சு மத்தியானம் வரை நிற்கவில்லை.

அத்தை முப்பத்தொரு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள். கவுண்ட்டரில் இல்லை, பின்கட்டில். முகவரி புரியாத கடிதங்களுக்கென்று அங்கே ஒரு மேஜை இருந்தது. மழையில் நனைந்தது, பாதி அழிந்தது, எழுதினவருக்கே படிக்க வராதது எல்லாம் அந்த மேஜைக்கு வரும். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உறையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் முடிந்ததும் பிள்ளைகள் மூன்றும் அந்த மேஜைக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"ஞாபகம் இருக்கா? உறையைக் காட்டி, இதை எழுதினது யாருன்னு கேப்பேன்."

"இருக்கு அத்தை. பெரியக்கா எப்பவும் 'இது வாத்தியார்'னு சொல்லுவா."

"நீ 'இடது கைக்காரர்'னு சொல்லுவே. முக்கால்வாசி சரியா இருக்கும்."

"தம்பி?"

அத்தை சிரித்தாள். "அவன் ஒருநாள் ஒரு உறையைப் பாத்துட்டு, 'இவங்க அழுதுட்டே எழுதியிருக்காங்க அத்தை'ன்னான். ஏழு வயசு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுடுச்சு. நானும் அதைத்தான் நினைச்சிட்டிருந்தேன்."

பல்லுக்காரிக்கு அந்த மேஜையின் அடிப்பக்கம் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. பசையும் மையும் கலந்த வாசனை, அத்தையின் புடவைக் கரை, தம்பியின் முழங்கால் அவள் விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகச் சொன்னால் மூவரும் அழுவார்கள். இப்போது அதே சனிக்கிழமையில் தான் எப்போது கிளம்பலாம் என்று பார்ப்பதை நினைத்ததும் அவளுக்கு மனசு கனத்துப்போனது.

"சீட்டு விளையாடலாமா அத்தை?"

அத்தையின் முகம் மலர்ந்தது. அலமாரியின் அடித்தட்டைத் துழாவி ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வந்தாள். சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு பேருமாக உட்கார்ந்து நகத்தால் பிரித்தார்கள்.

"இதைத் தொட்டு வருஷக்கணக்காச்சு" என்றாள் அத்தை.

அன்று அத்தை நாலு ஆட்டம் ஜெயித்தாள். அதில் இரண்டு அப்பட்டமான கள்ளாட்டம். சீட்டைப் புடவை மடிப்பில் ஒளித்ததைப் பல்லுக்காரி பார்த்தாள். பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துவிட்டாள். அவர்களை வளர்த்த காலத்தில் அத்தை அவர்களுக்கு இப்படித்தான் விட்டுக்கொடுப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு அத்தை ஒரு மணிக்குக் கண்ணயர்ந்தாள். பல்லுக்காரி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். இன்றைக்காவது நாலு வரி உருப்படியாக எழுதலாம் என்று ஆசை.

எழுதுவதற்கு முன் பழைய பக்கங்களைப் புரட்டினாள்.

பெரியக்காவின் திங்கட்கிழமைகள் ரிப்போர்ட் கார்டு மாதிரி இருந்தன. 'ரத்த அழுத்தம் 138/82. மாத்திரை மூன்றும் கொடுக்கப்பட்டது. குளியலறை விரிப்பு மாற்றப்பட்டது.'

அவளுடைய சனிக்கிழமைகள் அதைவிட மோசம். 'வந்தேன். எல்லாம் சரி.' ஏழு வாரமும் அதே மூன்று சொல்.

புதன்கிழமைப் பக்கங்கள்தான் நிரம்பி வழிந்தன.

'10.20க்கு வந்தேன். அத்தை ரெண்டு முட்டை பொரிச்சுக் கொடுத்தா. மூணாவது நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சீட்டு விளையாடினோம். அத்தைதான் ஜெயிச்சா. பழைய வீட்டு மாடியில தண்ணித் தொட்டி வழிஞ்சு கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த கதையைப் பேசிப் பேசிச் சிரிச்சோம். 11.15க்குக் கிளம்பினேன்.'

அடுத்த வாரம்: '10.25க்கு வந்தேன். அத்தைக்கு நகம் வெட்டிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புது ஆளு லிஃப்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டதைச் சொன்னேன். அத்தைக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, அவ்வளவு சிரிப்பு.'

இந்தப் பக்கங்களை முன்பும் அவள் மேலோட்டமாகப் பார்த்திருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் தம்பிமேல் ஒரு பொறாமை வரும். எங்களிடம் நாலு வார்த்தை பேசாதவன் அத்தையிடம் இவ்வளவு பேசுகிறானே என்று நினைப்பாள். அவன்தான் அத்தையை இல்லத்தில் சேர்க்கச் சொன்னவன் என்பதையே இந்தப் பக்கங்கள் மறக்கடித்திருந்தன.

இன்று 'சீட்டு விளையாடினோம்' என்ற இடத்தில் அவள் கண் நின்றது. வருஷக்கணக்காகத் தொடாத சீட்டைப் புதன்கிழமை எப்படி விளையாடினார்கள்?

நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். பொய்ப்பல்லை நிஜப்பல்லிலிருந்து பிரித்துப் பார்த்தே பழகின கண். எழுத்துகள் கோட்டுக்குமேல் குண்டு குண்டாக, ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. 'ழ'வின் வால் கீழே இறங்கிச் சுருண்டது. தம்பியின் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை. ஆனால் அது ஐந்தாம் வகுப்புத் தம்பியின் கையெழுத்து.

இப்போது அவன் எழுதுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் லேப் இருக்கிற கட்டடத்து லிஃப்டுக்குள் அவன் கையெழுத்திட்ட பராமரிப்பு அட்டை ஒட்டியிருக்கிறது. கோழி கிளறினது மாதிரி இருக்கும். அத்தைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவன் அவளுக்கு ஒரு வரி எழுதி இருபத்தைந்து வருஷம் இருக்கும்.

சின்ன வயசில் ஒருமுறை, 'வகுப்பில் பேச மாட்டேன்' என்று இருநூறு தடவை இம்போசிஷன் எழுதச் சொல்லித் தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனுக்கு அன்று காய்ச்சல். எழுதாமல் போனால் அடி விழும் என்று அழுதான். அத்தை அவனைத் தூங்கவைத்துவிட்டு, அவன் நோட்டைப் பத்து நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து இருநூறையும் அவன் கையெழுத்திலேயே எழுதி முடித்தாள். டீச்சருக்கு மூக்கில் வியர்க்கவே இல்லை. அதன் பிறகு அவனுடைய இம்போசிஷன் எல்லாம் அத்தையின் பொறுப்பாகிவிட்டது.

எட்டு புதன்கிழமைக்கும் அத்தை அவனுக்காக இம்போசிஷன் எழுதியிருக்கிறாள்.

கடைசிப் பக்கங்களைப் பார்த்தாள். போன வாரத்துப் புதன். 'அத்தை சமையலறையில முழங்கையை இடிச்சுக்கிட்டா. மருந்து போட்டுவிட்டேன்.'

இரண்டரை மணிக்கு அத்தை எழுந்து வந்தபோது நோட்டு மேஜைமேல் விரிந்து கிடந்தது. அத்தை அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், டீ போடப் போனாள்.

"அத்தை, தம்பி ஒரு புதன்கூட வரலையா?"

"வந்தானே."

"அத்தை."

"வந்தான்டி. பத்து இருபதுக்கு வந்தான், பதினொன்னேகாலுக்குப் போனான். நேரத்துல ஒரு நிமிஷம் தப்பா எழுதல." அத்தை டம்ளரை இவள் முன்னால் வைத்தாள். "மேல ஏறி வரல, அவ்வளவுதான்."

பல்லுக்காரி திருதிருவென்று முழித்தாள்.

"ஏணி கட்டின வேன். எதிர்ப்பக்கம் அந்த மருந்துக் கடைகிட்ட நிறுத்துவான். உள்ளயே உக்காந்திருப்பான். ஒரு தடவை இறங்கி வாசல் வரைக்கும் வந்தான், திரும்பிப் போயிட்டான். ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குறவனுக்கு இந்த மூணு மாடி ஏறக் கால் வரல."

"நீ ஜன்னல்லேர்ந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம்ல?"

"கொடுத்தா வந்திருப்பான். கூப்பிட்டு வர்றது எதுக்குடி? தானா வரணும்." அத்தை டீயை ஊதினாள். "வண்டியைப் பாத்ததும் முட்டையை எடுத்து வெளிய வச்சிடுவேன். இன்னிக்கு வந்துட்டான்னா சட்டுன்னு பொரிச்சுப் போடலாமேன்னு."

"முழங்கையக் காட்டு."

அத்தை பிடிகொடுக்காமல் சாய்ந்து உட்கார்ந்தாள். பல்லுக்காரி எழுந்துபோய் அவளே ரவிக்கையின் நீளக் கையைச் சுருட்டினாள். முழங்கையிலிருந்து தோள்பட்டை வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

"வண்டியைப் பாத்துட்டு அடுப்புக்கு வேகமாப் போனேன். கால் பெரண்டுடுச்சு. ஒரு மணி நேரம் தரையில உக்காந்திருந்தேன், எந்திரிக்க வரல. அப்புறம் நாற்காலியை இழுத்துப் பிடிச்சு எந்திரிச்சிட்டேன்." அத்தை டம்ளரை நகர்த்தி வைத்தாள். "அவன் வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. தரையில உக்காந்துட்டேதான் கேட்டேன்."

பல்லுக்காரி அழுதுவிட்டாள். அத்தை அவள் தலையைத் தடவிக்கொண்டே, "டீ ஆறுது" என்றாள்.

மூன்றரை மணிக்கு அத்தை முகம் கழுவப் போன நேரம் பார்த்து, அவள் பால்கனிக்குப் போய்த் தம்பியைப் போனில் பிடித்தாள். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. வேலையில் இருந்தான்.

"புதன் அத்தை வீட்டுக்குப் போனியாடா?"

"போனேன்க்கா."

"எவ்வளவு தூரம் போனே?"

இயந்திரத்தின் சத்தம் நின்றது. யாரிடமோ "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு நடக்கிற சத்தம் கேட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தைக்கே தெரியும். எட்டு வாரமும் உன் பேர்ல அவதான்டா நோட்டு எழுதியிருக்கா. ஏன்டா ஏறல? அவ என்ன கேட்டுடப்போறா உன்னை?"

"ஒண்ணும் கேக்க மாட்டா." எங்கோ ஒரு கதவைச் சாத்தினான். "அன்னிக்கு நான் சொன்னது அவ காதுல விழுந்துச்சு. திட்டிட்டா பரவாயில்ல. டீ ஆறுதுன்னு சொன்னாளே, அதுதான்க்கா தாங்கல. ஏறிப்போனா மறுபடி டீ கொடுப்பா. நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் குடிக்கிறது?"

அவள் நிறுத்தியிருக்கலாம். பாவம் என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனால் அத்தையின் நீலம்பாய்ந்த கை கண்ணுக்குள் நின்றது, ஆத்திரம் முந்திக்கொண்டது.

"போன வாரம் புதன் நீ கீழ வண்டியில உக்காந்திருந்தப்ப அத்தை மேல தரையில விழுந்து கிடந்தா. உனக்கு முட்டை பொரிக்கப் போய் விழுந்தா. நீ கிளம்பிப் போற சத்தத்தைத் தரையில இருந்துட்டே கேட்டிருக்கா."

"டேய்" என்றாள். போன் துண்டிக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அணைத்துவைத்திருந்தான்.

ஐந்து மணிக்கு வாசல் மணி அடித்தது. பெரியக்கா.

"நாளைக்குப் பெற்றோர் கூட்டம் வச்சுட்டாங்க. அதான் இன்னிக்கே வந்துட்டேன்." உட்காரும்போதே கைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியும் சிவப்புப் பேனாவும் வெளியே வந்தன. "நோட்டைக் கொண்டா."

பரீட்சைத் தாள் திருத்துகிற அதே வேகத்தில் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு டிக். சனிக்கிழமைகள் வந்தபோது கண்ணாடிக்குமேல் பல்லுக்காரியைப் பார்த்தாள்.

"'வந்தேன், எல்லாம் சரி.' ஏழு வாரமும் இதேதானா? தம்பியைப் பாத்துக் கத்துக்கோ. அவன் எழுதினதைப் படிச்சா எனக்கே கண்ணு கலங்குது. நகமெல்லாம் வெட்டிவிட்டிருக்கான்!"

அத்தை சேலைத் தலைப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியக்கா பேனாவை வைத்தாள். "சரி. ஒரு முறைகூடத் தவறல. நான் சொன்ன வார்த்தை மாறமாட்டேன். அத்தை, நீ இங்கயே இரு. அந்த இல்லத்துல போட்டு வச்ச இடத்தை வேண்டாம்னு சொல்லிடறேன்."

இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அத்தை நிமிர்ந்து இவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. எழுபத்தாறு வயசில், தான் வளர்த்த பெண்ணிடம் அத்தை கெஞ்சுவதைப் பல்லுக்காரியால் தாங்க முடியவில்லை. அதைவிட, அடுத்த புதன்கிழமையும் அவள் தரையில் கிடப்பதை நினைக்க முடியவில்லை.

"புதன்கிழமையெல்லாம் பொய், பெரியக்கா."

சொல்லிவிட்டாள். கையெழுத்து, வேன், முழங்கை, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காட்டிக்கொடுத்தவள் என்று யாரும் சொல்லாமலே அவளுக்கு அது உறைத்தது.

பெரியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இப்போது கேட்கவே முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. "கையைக் காட்டு அத்தை."

பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை நான் வந்து உக்காந்தேனே. அப்பக்கூடச் சொல்லலையே நீ."

"நீ ரத்த அழுத்தம்தானே பாத்தே" என்றாள் அத்தை.

பெரியக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழமை நான் வரேன்" என்று பல்லுக்காரி அவசரமாக நடுவில் புகுந்தாள். "லேப்ல அரைநாள் கேட்டுக்கிறேன். சனியும் வரேன், புதனும் வரேன். முழுசா இருக்கேன். இன்னொரு எட்டு வாரம் கொடுத்துப் பாரு பெரியக்கா. இல்லம் எல்லாம் வேண்டாம்."

பெரியக்கா யோசித்தாள். அத்தையின் கையை இன்னும் விடவில்லை. கடைசியில் தலையை ஆட்டினாள். "சரி. புதன் இனிமே உன் முறை. அவன் பேரை அடிச்சுடறேன்."

பல்லுக்காரிக்கு அப்பாடா என்று இருந்தது. பெரியக்கா நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"வேண்டாம்" என்றாள் அத்தை.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புதன் அவனோடது. நீ வேணும்னா வியாழக்கிழமை வா."

"அவன்தான் வரலையே அத்தை!"

"வரல. அதுக்காக அந்த நாளை எடுத்து உனக்குக் கொடுத்துட்டா, அப்புறம் அவன் வர்றதுக்கு நாள் எங்க இருக்கு?"

பெரியக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இங்க பாரு, நான் பிடிவாதத்தோட மல்லுக்கட்ட வரல. ஒண்ணு இவ புதன்கிழமை வரணும், இல்ல நீ இல்லத்துக்குக் கிளம்பணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

அத்தை கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பழைய வீட்டிலிருந்து வந்த நாற்காலிகள், ஜன்னல், சமையலறை வாசல். அவசரமே இல்லாமல் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு புதன் கொடு. வர்ற புதன் அவன் தானா மேல ஏறி வந்துட்டான்னா நான் இங்கயே இருப்பேன். வரலன்னா, வியாழக்கிழமை பெட்டியைக் கட்டிக்கிட்டு நானே கீழ வந்து நிக்கறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"அத்தை, அவனை நம்பி வீட்டையா பணயம் வைக்கறே?" என்று பல்லுக்காரி பதறினாள்.

"நான் வளத்த பையன்டி. எனக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வருவான். மூணு வாரத்துக்கு முன்னாடி வண்டியை விட்டு இறங்கவே இல்ல. அப்புறம் வாசல் வரைக்கும் வந்தான். இந்தத் தடவை ஏறிடுவான்."

பெரியக்கா பேனாவை மூடினாள். அவள் சம்மதித்தால் இப்படித்தான், வாய்விட்டுச் சொல்லமாட்டாள்.

அத்தையின் முகம் தெளிந்தது. சுருட்டியிருந்த ரவிக்கைக் கையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. அவன்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. முக்கியமா நான் விழுந்தது அவன் காதுக்குப் போகவே கூடாது. பிஞ்சு மனசுடி அவனுக்கு. அவன் கீழ இருந்தப்பதான் விழுந்தேன்னு தெரிஞ்சா, செத்தாலும் இந்தப் படியில கால் வைக்கமாட்டான். சொல்லமாட்டேன்னு சொல்லுங்க ரெண்டு பேரும்."

"நான் சொல்லல" என்றாள் பெரியக்கா.

அத்தை பல்லுக்காரியின் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள். அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். பல்லுக்காரியின் கை எழவில்லை.